விழுகிற பல்லுக்கு வைத்தியமா?

நடுநிசியில் குழந்தை அழுதால் தாய்க்கு முதலில் காது விழித்துக்கொள்கிறது. அப்புறம் கால் விழித்துக்கொண்டு ஓடுகிறது. புத்தி விழித்துக்கொள்வது கடைசியில்தான். அன்றும் அப்படித்தான் நடந்தது. 2019-ஆம் வருஷம் மே மாதம். பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையோரமாக இருக்கும் என் தாயார் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ஆறு வயதுச் சின்னவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். வலது கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, பல்லு!" என்றாள். அவளால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மிச்சமெல்லாம் அழுகை.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வீறிட்டாள். விளக்கைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புக் குழி. ஒரு மிளகை உள்ளே வைத்து மூடலாம் போல இருந்தது.

பழியை யார் மேல் போடுவது என்றுதான் மனசு உடனே தேடியது. அந்தச் சீமையில் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. சுற்று வட்டாரத்துக் கரும்பெல்லாம் வெல்லமாகிப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகிறது. போகிற வழியில் பேரக் குழந்தைகளின் கைக்கும் கொஞ்சம் வருகிறது. ஆனால் பத்து நாள் வெல்லம் பல்லில் அத்தனை பெரிய பள்ளம் தோண்டாது. சேலத்தில் என் வீட்டில், இரவுகளில் நான் எழுதி முடிக்க வேண்டிய வேலை இருந்ததால், சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்கவைத்தேனே, அந்தக் கணக்கு அது. வட்டியும் முதலுமாக அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றது.

என் தாயார் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமாட்டில் எப்போதும் இருக்கும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒரு கிராம்பை எடுத்து நசுக்கி, பஞ்சில் சுற்றி, பேத்தியின் பல்லில் வைத்தார். கால் மணி நேரத்தில் அழுகை விசும்பலாயிற்று; விசும்பல் தூக்கமாயிற்று.

"பாத்தியா? இதுக்குப் போயி விடிஞ்சதும் டாக்டரு, ஆஸ்பத்திரின்னு கிளம்பிராத. விழுகிற பல்லுதானே கண்ணு! விழுகிற பல்லுக்கு யாராச்சும் வைத்தியம் பாப்பாங்களா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவனைப் பார்த்தேன்.

ஏனென்றால், 2014-ல் இதே வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. இதே மாதிரி ஒரு பல், இதே மாதிரி ஒரு ராத்திரி. மறுநாள் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிப் பார்க்கலாம், நாலைந்து தடவை வரவேண்டியிருக்கும்" என்றார் அங்கிருந்தவர். பட்டப் படிப்புப் படித்த நான், "எப்படியும் விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடுங்கள்" என்றேன். பிடுங்கினார். அரை மணியில் வீடு திரும்பினோம். காரியத்தைச் சிக்கனமாக முடித்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

மறு வருஷம் அவனுக்கு நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்தது. முன்னால் காலி இடத்தைக் கண்டது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியானால் நாம் நகருவதில்லையா, அது போல மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்துக்கு உரிய பல்லோ இன்னும் ஈறுக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது வயதில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மேலே வர வாசல் இல்லாமல் அது சாய்ந்து படுத்திருந்தது தெரிந்தது. அரை மணியில் நான் முடித்த காரியத்துக்கு அவன் பிற்பாடு இரண்டு வருஷம் பல்லில் கம்பி கட்டிக்கொண்டு திரிந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்ன பட்டப் பெயர் வைத்தார்கள் என்பதை இங்கே எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஆகவே, விடிந்ததும் சேலத்துக்குப் புறப்பட்டேன். "அப்படி என்ன வைத்தியம்தான் பாக்கறாங்கன்னு நானும் பாத்துட்டு வாறேன்" என்று என் தாயாரும் கிளம்பிவிட்டார், வெற்றிலைப் பெட்டி சகிதமாக. நாமக்கல், ஆண்டகளூர் கேட், மல்லூர் என்று பஸ் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் என் மடியில் சுருண்டு கிடந்தாள். நாமக்கல்லைத் தாண்டும்போது அம்மா அனுமார் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பல் விஷயத்தில் எங்களுக்கு ஒத்த அபிப்பிராயம் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

குழந்தைகளின் பல்லுக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் அவர். சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதோ பாருங்கள், சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு அறை வரைக்கும் போய்விட்டது. பெரியவர்கள் பல்லின் மேலோடு தடிப்பு. பால் பல்லில் அது ஏறக்குறையப் பாதிதான். உள்ளே நரம்பு அறையோ பெரிசு. அதனால் பால் பல்லில் சொத்தை விழுந்தால் மாதக் கணக்கில் உள்ளே போய்விடும்."

"அது எங்க ஊருப் போர்த் தண்ணிங்க. அதான் பிள்ளைக பல்லெல்லாம் இப்படிப் போவுது" என்றார் அம்மா.

"இல்லை பாட்டி, அது வேறே" என்றார் டாக்டர். ஃபுளோரைடு அதிகமாக உள்ள நிலத்தடி நீரைச் சின்ன வயசில் குடித்து வளர்ந்தால், பிறகு முளைக்கும் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். சேலம், தர்மபுரிப் பக்கங்களில் அந்தக் கஷ்டம் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டதே அதற்காகத்தான். "ஆனால் கறை வேறு, சொத்தை வேறு. இந்தக் குழி தண்ணீரால் வந்ததில்லை. இனிப்பும் மாவும் பல்லில் ஒட்டிக்கிடக்க, கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்கி, அந்த அமிலம் தோண்டிய குழி" என்றார்.

நான் பால் புட்டியை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரிங்க. விழுகிற பல்லுத்தானுங்களே? பிடுங்கிப் போட்டாப் போவுது" என்றார் என் தாயார். வந்த காரியத்தை விடுகிறவரா அவர்!

டாக்டர் சிரித்தார். "பாட்டி, படத்தைப் பாருங்கள். இந்தப் பல்லுக்கு இரண்டு வேர். இரண்டும் எப்படி அகலமாக விரிந்திருக்கின்றன? அந்த இரண்டுக்கும் நடுவில் உருண்டையாக ஒன்று தெரிகிறதே, அதுதான் நாளைக்கு முளைக்கப் போகிற பல். உங்கள் நாமக்கல் பக்கத்துக் கோழி முட்டையை அடை காக்கிற மாதிரி, இந்தப் பால் பல் அதை அடை காக்கிறது. இது தானாக விழவேண்டியது பத்து வயசுக்கு மேல், பன்னிரண்டு வயசுக்குள். இவளுக்கு இப்போது ஆறு. இன்னும் நாலைந்து வருஷம் கோழி எழுந்திருக்கக் கூடாது."

கோழி விஷயம் என்றதும் அம்மா படத்தின் பக்கத்தில் நகர்ந்து வந்து பார்த்தார். எழுந்துவிட்ட கோழி என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே பெஞ்சில் அதற்கு ஒரு சாட்சி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அப்படியே விட்டுவிட்டால்?" என்று கேட்டேன்.

"சீழ் வேர் வழியாகக் கீழே இறங்கும். அடியில் இருக்கும் பிஞ்சுப் பல்லைக் கெடுத்தால், அது முளைக்கும்போதே கறையும் பள்ளமுமாக முளைக்கும். டர்னர் பல் என்று அதற்குப் பெயரே இருக்கிறது."

வலி நின்றுவிட்டதே என்று கிராம்பை நம்பி இருந்துவிடுவதில் உள்ள ஆபத்து எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுபோகும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவோம். சீழ் மட்டும் தூங்காது.

இதன் பிறகுதான் நான் எதிர்பாராத சங்கதி வந்தது. வேர் சிகிச்சை என்றால் எனக்குத் தெரியும். என் கணவருக்குச் செய்திருக்கிறார்கள். நரம்பை எடுத்துவிட்டு, அந்தக் குழலைக் கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைப்பார்கள். மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து எடுப்பது அது. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் அதுதான். உப்புத் தண்ணீரில் கிடந்தும் கெடாத சாமான். "அதையே குழந்தைக்கும் வையுங்களேன், உறுதியாக இருக்கட்டும்" என்றேன்.

"உறுதியாக இருப்பதுதான் கூடாது!" என்றார் டாக்டர்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். பால் பல் விழுகிறது என்கிறோமே, எப்படி விழுகிறது? அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர, பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவிடுகிறது. வேர் முழுவதும் கரைந்த பிறகு, பிடிப்பில்லாத மேல்பாகம் ஆடி விழுகிறது. விழுந்த பால் பல்லுக்கு வேர் இருப்பதே இல்லை. நாம் யாரும் அதைக் கவனித்ததில்லை. அப்படிக் கரைகிற வேருக்குள் கரையாத பொருளை வைத்து அடைத்தால், வேர் போன பிறகும் அந்தக் குச்சி மட்டும் நிற்கும். முளைத்து வரும் பல்லுக்கு அது முள். ஆகையால், பால் பல்லின் வேரை அடைக்கும் மருந்து வேரோடு சேர்ந்து தானும் கரைய வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

"இருக்கிற வரைக்கும் உறுதியாக இருக்க வேண்டும், போகவேண்டிய நேரம் வந்தால் மறைந்துவிட வேண்டும். அப்படி ஒரு மருந்து கிடைப்பதுதான் கஷ்டம்" என்றார் அவர்.

குடும்பத்தில் அப்படி ஒரு மனிதர் கிடைப்பதும் கஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

பல் வைத்தியர்கள் இதற்காக நெடுநாள் தேடியிருக்கிறார்கள். 1930-களிலிருந்து துத்தநாகப் பொடியைக் கிராம்புச் சத்தில் குழைத்து அடைத்துவருகிறார்கள். நன்றாக நிற்கும், ஆனால் வேர் கரைகிற வேகத்துக்கு அது கரைவதில்லை. வேர் போன பிறகு சில துணுக்குகள் ஈறுக்குள் தங்கிவிடும். ஐயோடோஃபார்ம் கலந்த மஞ்சள் பசை இன்னொன்று. அது சுலபமாகக் கரையும். வேரின் நுனியைத் தாண்டி வழிந்துவிட்டால்கூட உடம்பு அதைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் அவசரக்காரப் பசை. சில சமயம் வேர் இருக்கும்போதே அது கரைந்து, குழல் காலியாகிவிடுகிறது. ஒன்று போகத் தெரியாதது; மற்றொன்று இருக்கத் தெரியாதது. அதனால் இரண்டையும் சேர்த்துக் கால்சியம் ஹைட்ராக்சைடையும் கலந்த ஒரு கலவை வந்திருக்கிறது. அதைத்தான் வைக்கப்போவதாக டாக்டர் சொன்னார். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி மறு வருஷம், 2020-ல், வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே ரீதியில் இருந்ததைப் பிற்பாடு படித்தேன்: வெகு நாள் நிற்கவேண்டிய பால் பல்லுக்கு ஐயோடோஃபார்ம் பசையை மட்டும் நம்புவதைவிடத் துத்தநாகக் கிராம்புக் கலவையோ, மூன்றும் சேர்ந்த கலவையோ மேல்.

டாக்டர் பேசிக்கொண்டே ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் மருந்தைக் குழைத்தார். அறை முழுவதும் வாசனை பரவியது. என் தாயாரின் மூக்கு விடைத்தது.

"இது கிராம்பு வாசனையல்ல?"

"ஆமாம் பாட்டி. யூஜினால் என்பார்கள். கிராம்பு எண்ணெயில் இருக்கும் சத்துத்தான்."

"இன்னொண்ணு என்னமோ கால்சியம்னு சொன்னீங்களே?"

"கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றிய சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

அம்மா மெல்லத் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த கிராம்பையும் சுண்ணாம்பு டப்பியையும் எனக்குக் காட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "இதத்தானே நேத்து ராத்திரி நான் வெச்சேன்? அதுக்கு நாலு மணி நேரம் பஸ்ஸு, எக்ஸ்ரேயா?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கள் வைத்தது சரியான சரக்குத்தான் பாட்டி. ஆனால் அழுக்கை உள்ளே வைத்துக் கதவுக்கு வெளியே வாசனை போட்டீர்கள். நான் முதலில் உள்ளே கூட்டிப் பெருக்கிச் சுத்தம் பண்ணப்போகிறேன். அதற்கப்புறம்தான் மருந்து. தவிர, வெறும் கிராம்பு எண்ணெய் ஈறில் பட்டால் வெந்துவிடும். சின்னக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் ஆபத்து. வெற்றிலைச் சுண்ணாம்பை வாயில் வைப்பதோ கூடவே கூடாது" என்றார்.

அம்மா பெட்டியை மூடிக்கொண்டார். அன்று முழுவதும் தோல்வியடைந்தவராக அவர் நடந்துகொள்ளவில்லை.

சிகிச்சையை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன் என்று நினைத்தேன். மூடவேண்டியிருக்கவில்லை. டாக்டர் முதலில் ஒரு பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தார். "இது தண்ணீர் பீச்சும்; இது கூசும்படி பாட்டுப் பாடும்" என்று ஒவ்வொரு கருவியாகச் சொன்னார்; பொம்மையின் வாயில் வைத்துக் காட்டினார்; அப்புறம்தான் சின்னவளின் வாயில் வைத்தார். சொல், காட்டு, செய் என்ற இந்த முறையை 1959-ல் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதிவைத்தாராம். பிள்ளை வளர்ப்பு முழுவதையுமே அந்த மூன்று வார்த்தையில் எழுதிவிடலாம். நாமோ 'செய்'யில்தான் ஆரம்பிக்கிறோம்.

மரத்துப்போக ஊசி. எச்சில் படாமல் பல்லை மட்டும் வெளியே காட்டும் ஒரு ரப்பர் விரிப்பு. பிறகு பல்லைத் திறந்து, முடி போன்ற மெல்லிய அரங்களால் குழல்களைச் சுத்தம் செய்தார். முன்பெல்லாம் பெரியவர்களுக்கு உண்டான நீள அரங்களையே குழந்தையின் சின்ன வாய்க்குள்ளும் நுழைத்துச் சிரமப்படுவார்களாம். குழந்தைகளுக்கென்றே குட்டையாக, 16 மில்லிமீட்டர் நீளத்தில், இயந்திரத்தில் சுழலும் அரங்களை உருவாக்கியவர் நம் சென்னைக்காரர்: சவீதா பல் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கணேஷ் ஜீவானந்தன். 'கெடோ-எஸ்' என்று பெயர். 2017-ல் அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். சின்னவளுக்கு அதுதான் சுழன்றது. பால் பல்லின் வேர் மெல்லியது, வளைந்தது. அடியிலோ பிஞ்சுப் பல். ஆகவே வேரின் நுனியைத் தொடாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கிருமிநாசினியால் கழுவி, காகிதக் குச்சிகளால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கலவையைச் செலுத்தி, எக்ஸ்ரே எடுத்துச் சரி பார்த்தார். பிறகு வந்த நாளில் பல்லின் மேல் பளபளவென்று ஓர் எஃகுத் தொப்பி. நரம்பு எடுத்த பல் சீக்கிரம் உடையும். தொப்பி அதைக் காக்கும். 1950-லிருந்து இந்தத் தொப்பி குழந்தைகளுக்கு உதவிவருகிறது.

"ஐ! வெள்ளிப் பல்லு!" என்று சின்னவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் அண்ணனிடம் வாயைத் திறந்து காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "எனக்கு ஏம்மா இப்படிப் பண்ணல?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. "எனக்குத் தெரியலைப்பா" என்று மட்டும் சொன்னேன். உண்மையும் அதுதான்.

என் தாயாருக்கும் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பல்லில் புழு இருக்கிறது என்று சொல்லிக் கண்டங்கத்தரி விதையைப் புகைபோட்ட தலைமுறையின் கையில் வளர்ந்தவர் அவர். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் நிறுவியதே 1920-ல்தான். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்தது 1953-ல். இன்றோ இந்தச் சமவெளியிலேயே சேலத்தில் விநாயகா மிஷன் கல்லூரி, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். கல்லூரி என்று இருக்கின்றன. குழந்தைகளின் பல்லுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. இத்தனை இருந்தும் நான் 2014-ல் "பிடுங்கிவிடுங்கள்" என்றேனே, அதற்கு யாரைக் குறை சொல்வது?

சகோதரிகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற உரிமையில் நாலு வார்த்தை. எல்லாப் பால் பல்லையும் இப்படிக் காப்பாற்றியே தீரவேண்டும் என்பதில்லை. வேர் ஏற்கெனவே பெரும்பாகம் கரைந்திருந்தால், விழும் காலம் நெருங்கியிருந்தால், பல் ஒட்டவைக்க முடியாதபடி சிதைந்திருந்தால், அல்லது குழந்தைக்கு இருதயக் கோளாறு போன்ற வேறு காரணம் இருந்தால், எடுப்பதே நல்லது என்று டாக்டர் சொல்லலாம். அப்போது மறக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இடத்தைக் காப்பாற்ற ஏதாவது வைக்க வேண்டுமா?" பக்கத்துப் பல் சாயாமல் தடுக்கச் சின்னக் கம்பி வளையம் இருக்கிறது. நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. சொத்தை மேல் நரம்போடு நின்றிருந்தால், வேர் வரை போகாமல் பாதி நரம்பை மட்டும் எடுக்கும் சின்ன சிகிச்சையே போதும். ஆகையால் சீக்கிரம் போவதுதான் லாபம். இரவில் தானாக எழுப்பும் வலி, ஈறில் சின்னக் கொப்புளம், ஒரு பக்கமாகவே மெல்லும் பழக்கம்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்கிறார்கள். மூன்று வயது வரை அரிசி மணி அளவு பற்பசை. ஆறு வயது வரை பட்டாணி அளவு. பால் புட்டியோடு தூங்கவைப்பது மட்டும் வேண்டாம். எத்தனை வேலை இருந்தாலும் வேண்டாம்.

சின்னவளின் பல்லை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்த்துவந்தார். இந்தச் சிகிச்சை சில சமயம் பலிக்காமலும் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே படம் வருவதற்குள் எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருக்கும். பலித்தது. வருஷா வருஷம் வேர் கொஞ்சம் குட்டையாயிற்று. உள்ளே இருந்த மருந்தும் கூடவே குட்டையாயிற்று. அடியிலிருந்த பிஞ்சு மேலே ஏறி வந்தது.

2024-ல், மறுபடியும் ஒரு கோடை விடுமுறை. மறுபடியும் அம்மா வீடு. இதற்குள் அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "விழுகிற மரத்துக்குத் தண்ணி ஊத்துவாங்களா கண்ணு? இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

ஒரு நாள் காலையில் சோளப் பொரியைக் கடித்துக்கொண்டிருந்த சின்னவள், "விழுந்திடுச்சு!" என்று கத்தினாள். பதினொரு வயது. உள்ளங்கையில் அந்தப் பல், எஃகுத் தொப்பியோடு. வாயில் அது இருந்த இடத்தில், வெள்ளை வெளேரென்று புதுப் பல்லின் முனை ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக, தன் இடத்தில்.

சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறியவேண்டும் என்று அம்மா பல்லை வாங்கிக்கொண்டார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தெரியவில்லை. விரலால் தடவினார். மேலே தொப்பியைத் தடவினார், கீழே தடவினார், மறுபடியும் தடவினார்.

"வேரே காணமே சாமி?"

"அது கரைஞ்சு போச்சு அம்மாயி. மருந்தும் கூடவே போயிடுச்சு. புதுப் பல்லு வர்ற வரைக்கும் இது இருக்கணும்னுதான் டாக்டர் வைத்தியம் பண்ணினாங்க" என்றாள் சின்னவள், பாடம் ஒப்பிப்பதுபோல.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பல்லை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சாணி உருண்டையில் அதை அழுத்தி, ஓட்டுக் கூரைமேல் எறிந்தார். எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, "விழுந்துச்சா? விழுந்துச்சா?" என்று எங்களைக் கேட்டார்.

அன்று மாலை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், கிராம்பு என்று நினைத்து வேறு எதையோ எடுத்தார். முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார். பெட்டியை மூடினார்.

"ஏங்கண்ணு, அந்தக் கண்ணு ஆஸ்பத்திரி, நீ எங்கயோ சொன்னியே, சேலத்துலயா?"

"ஆமாம்மா."

"இந்தப் பிள்ளைக்கு மத்தப் பல்லெல்லாம் முளைக்கிறதையும் பாக்கணுமல்ல? என்னைக்கு வரச் சொல்றாங்கன்னு கேளு" என்றார்.